உட்காராத மச்சான்

எங்கள் மச்சான் பிறத்தியார் வீட்டில் உட்கார்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். என் அக்காவைக் கட்டியவர், வீட்டு மாப்பிள்ளை, பாய் விரித்துத் தலையணை போட்டு உபசரிக்க வேண்டியவர். வந்தால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “உள்ள வாங்க மச்சான்” என்றால் ஒரு காலை மட்டும் உள்ளே வைப்பார். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசுவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கர்வம் பிடித்த மனுஷன் என்று நினைத்துவிடுவார்கள். கர்வமாவது ஒன்றாவது. மவுத்துச் சேதி சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது. சாவுச் சேதி கொண்டுபோகிறவன் அந்த வீட்டில் உட்காரக் கூடாது, பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. வருஷக்கணக்காக அப்படியே இருந்து, சொந்தக் கொழுந்தியாள் வீட்டில்கூட அவருக்கு உட்கார வரவில்லை.

சிதம்பரத்தில் காலேஜில் படித்த காலத்தில் அரைமைல் ஓட்டத்தில் அவரை முந்த ஆள் கிடையாது என்பார்கள். வாங்கின கப்பெல்லாம் கடலூர்த் துறைமுகத்துப் பக்கம், நாங்கள் ஓ.டி. என்று சொல்கிற பழைய டவுனில், அக்கா வீட்டு அடுப்படியில் இருந்தன. ஒன்றில் கடுகு, ஒன்றில் புளி. இருப்பதிலேயே பெரிய கப்பில் கோழிக்குத் தவிடு. நான் கேலி செய்தால் அக்கா, “கப்ப வெச்சிகிட்டு வேற என்னாடி பண்ணச் சொல்ற, சட்டமா போட்டு மாட்ட முடியும்?” என்பாள்.

அவரை இந்த வேலையில் இறக்கிவிட்டதே எங்கள் வீடுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் வாப்பா மவுத்தான அன்று பஸ்காரர்கள் ஸ்டிரைக். அண்ணன் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலையாக இருந்தான். எங்களில் மய்யத்தை ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மூத்த மகன் வாப்பா முகத்தைப் பார்க்காமல் அடக்கம் செய்வதா என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தெருவில் நாலு பேர் நின்று எந்தச் சைக்கிளை எடுப்பது, யார் போவது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். லீவுக்கு ஊர் வந்திருந்த பக்கத்துத் தெருப் பையன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். ஒன்பது மைல் இருக்கும். அண்ணன் ஆலை லாரியில் ஏறி, கபன் துணியால் முகத்தை மூடுவதற்குள் வந்துவிட்டான். சேதி சொன்னவர் லாரியில் இடமில்லாமல் சாயங்காலம் நடந்தே திரும்பினார். உம்மா புருஷன் போன துக்கத்துக்கு இத்தா இருந்து முடித்ததும் செய்த முதல் காரியம், அந்தப் பிள்ளையை அக்காவுக்குக் கேட்டு ஆள் அனுப்பியதுதான்.

அதிலிருந்து ஊரில் யார் மவுத்தானாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். வேர்க்கடலை வந்து இறங்கும் மல்லாட்டை மண்டியில் அவருக்கு எடை பார்க்கிற உத்தியோகம். மூட்டை தராசில் இருக்கும்போதே ஆள் வந்து நிற்கும். முதலாளியே, “போப்பா, போப்பா, பெரிய நன்மை” என்று அனுப்பிவிடுவார். பரங்கிப்பேட்டை, சிதம்பரம், குமராட்சி, பண்ருட்டி என்று எங்கெல்லாம் ஓ.டி. பெண்களைக் கட்டிக் கொடுத்திருந்தார்களோ அங்கெல்லாம் போவார். எங்கள் ஆட்கள் என்று மட்டும் இல்லை. கரையோரத்து மீனவர் குப்பத்திலிருந்தும் வருவார்கள். “எங்க ஆத்தா போயிட்டாண்ணே, தங்கச்சிய அந்தாண்ட குடுத்துருக்குது, பொழுது சாயறதுக்குள்ள வந்து மூஞ்சப் பாத்துரணும்ணே” என்பார்கள். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்கமாட்டார். அவருக்கு ஒரு தடவை ஜுரம் வந்தபோது அக்கா வீட்டு வாசலில் குப்பத்துப் பெண்கள் கொண்டுவந்து வைத்த மீனை மூன்று தெருவுக்குப் பங்கு போட்டோம்.

சேதி சொல்வதற்கு ஒரு முறை இருந்தது. மவுத்தாகிவிட்டார் என்று சொல்லவே கூடாது. “ஒண்ணுமில்ல, ஒடம்பு கொஞ்சம் முடியல. நல்லாத்தான் இருக்காங்க. கையோட கூட்டியாரச் சொன்னாங்க” என்பார். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். நல்லாத்தான் இருக்காங்க என்று மச்சான் வாயிலிருந்து வந்தால் முடிந்தது கதை. அந்த வீட்டுப் பெண்கள் அந்த இடத்திலேயே விழுந்து புரளுவார்கள்.

நான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு கடையில் இருந்தார். இங்கே மாமியும் மாமாவும் நானும் கைப்பிள்ளையும்தான். உம்மா ஓ.டி.யில் அக்காவோடு இருந்தாள். மச்சான் தலை எங்கள் தெருமுனையில் தெரிந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவேன். எங்கள் தெருவில் ஓ.டி.யிலிருந்து வந்த மருமக்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருத்தியும் ஜன்னல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என் வீட்டைத் தாண்டிப் போகட்டும், தாண்டிப் போகட்டும் என்று துஆ செய்வாள். தாண்டியதும் அல்ஹம்துலில்லாஹ் என்பாள். அடுத்த வீட்டில் அழுகை கேட்டதும் அப்படிச் சொன்னதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு ஓடுவாள். நானும் அப்படி எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

இதனால் அந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் யோசிக்கவில்லை. காலையில் கடற்கரைப் பக்கம் ஓடுவது காலேஜ் நாளிலிருந்து அவருக்கு வழக்கம். ஓடினால் பின்னாலேயே நாலு பேர் “யாரு? யாரு?” என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றால் நம்பவில்லை. ஒரு நாள் ஒரு கடைக்காரர் பாதி திறந்த கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். மச்சான் ஓடுவதை நிறுத்தினார். அப்புறம் வேகமாக நடப்பதையும் நிறுத்தினார். டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பழக்க தோஷத்தில் யாராவது, சாவுச் சேதி கேட்டால் சொல்கிற “இன்னாலில்லாஹி”யை ஆரம்பித்து, அசடு வழிந்து, அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். தன் பெண்ணைப் பள்ளிக்கூடத் தோழி வீட்டிலிருந்து கூட்டிவரப் போனவர், அந்த வீட்டு அம்மா மயக்கம் போட்டு விழுந்ததிலிருந்து தெருக்கோடியிலேயே நின்றுகொள்வார்.

கல்யாண வீடு இன்னும் மோசம். முதல் அழைப்பு அவருக்குத்தான் வரும், மரியாதைக்குக் குறைவே கிடையாது. நிக்காஹ் அன்று காலையில் பெண்ணைப் பெற்றவர் தாமே வருவார். “தம்பி, தப்பா எடுத்துக்கக் கூடாது. நிக்காஹ் முடிஞ்சி கூட்டம் கலைஞ்சப்பறம் வாங்க. உங்களுக்குன்னு ஒரு சகன் தனியா எடுத்து வெச்சிருக்கேன்” என்பார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவதற்குப் பெயர்தான் சகன். அதில் ஒரு ஆளுக்குத் தனிச் சகன் என்ன சகன்? அதையும் அவர் போய் நின்றபடி ரெண்டு கவளம் சாப்பிட்டு வருவார். அக்கா ஒரு தடவை பொறுக்கமாட்டாமல், “நாலு பேரு சோத்த ஒத்த ஆளா திங்கறதுக்கா உங்க உம்மா பெத்தாங்க?” என்று கத்தினாள். அவர் தவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டு கோழிக்குப் போடப் போனார்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த ஊரைவிட்டு, இவர் யாரென்று தெரியாத ஏதாவது ஓர் ஊருக்குப் போய்விட வேண்டும். மச்சானுக்கும் அதேதான், அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், அவ்வளவே. ஒரு தடவை மெட்ராசில் ஒரு வேலைக்குப் பேச்சு வந்தது. அது எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஜமாத்தும் மண்டிக்காரர்களும் குப்பத்து நாட்டாமைகளும் சேர்ந்து பந்தல் போட்டு, மாலை போட்டு, ஒரு புதுச் சைக்கிளைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். பேசினவர்கள் எல்லாரும் “இவரு நம்ம ஊரு சொத்து” என்றார்கள். சொத்தை யாராவது மெட்ராசுக்கு அனுப்புவார்களா? அந்த மாலையோடு எப்படி ரயில் ஏறுவது? மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னிடம், “சங்கிலிதான்டி குடுத்துருக்கானுவோ. அதுல ரெண்டு சக்கரத்த மாட்டிக் குடுத்துருக்கானுவோ” என்றாள்.

ஆகவே அடுத்த தடவை அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. உம்மாவுக்கே தெரியாது. சேலத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் வேலைக்கு மச்சான் எழுதிப் போட்டு, ஆர்டரும் வந்துவிட்டது. பிள்ளைகளோடு ஓடலாம், ஓடினால் யாரும் அழமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் காலேஜ் சர்ட்டிபிகேட்டோடு நேரில் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பட்டமும் ஓட்டப்பந்தயச் சர்ட்டிபிகேட்டும் இத்தனை வருஷமாகச் சிதம்பரத்தில் காலேஜ் ஆபீசிலேயே கிடந்தன. சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும்தான் ஆபீஸ். சனிக்கிழமை போய் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று காலையில் தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேனா?

அந்தச் சனிக்கிழமை எட்டு மணி இருக்கும். நான் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நின்றார். முதல் பஸ்சில் வந்திருக்கிறார். முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டிருந்தது. அது சிரிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் சிரித்துப் பார்த்திருந்தால்தானே தெரியும். ரெண்டு காலையும் உள்ளே வைத்து வந்தார். மாமாவின் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார்.

உட்காராத மனுஷன் உட்கார்கிறார் என்றால் நின்று சொல்ல முடியாத சேதி என்றுதானே அர்த்தம்.

“ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் வந்தேன்” என்றார். “உம்மா நல்லாத்தான் இருக்காங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கும். வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து மாமி “இன்னாலில்லாஹி” என்று சொல்லிக்கொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார். மச்சான் எழுந்து, “மாமி, மாமி, கேளுங்க” என்று சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு காகிதத்தை உருவினார். எனக்கு அது தந்தி மாதிரி தெரிந்தது. “எடுக்காதீங்க மச்சான், படிக்காதீங்க” என்று காதைப் பொத்திக்கொண்டு அலறினேன். அவர் காகிதத்தை மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டார். மாமா மேல வீதிக்குப் போய் டாக்சியோடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் என் மேல் துப்பட்டியைப் போர்த்தி, ஈரத் தலையோடு பிள்ளையை மடியில் வைத்து வண்டியில் மாமி பக்கத்தில் ஏற்றினாள். சேதி கொண்டுவந்தவரையும் கூடவே ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். மச்சானையும் முன் சீட்டில் தள்ளி ஏற்றினோம். தள்ளியது நான்தான்.

வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பிச் சொன்னார். “நல்லா இருக்காங்க மாமி. காலைல நான் வரும்போது ஆப்பம் சாப்பிட்டுகிட்டு இருந்தாங்க.”

மாமி மூக்கைச் சிந்தி, “ஆப்பம் சாப்பிட்டுகிட்டே போய்ட்டாங்களா!” என்று புதிதாக அழுதார்.

“ஆண்டவன் மேல ஆணையா...”

“ஆணையெல்லாம் போடாத தம்பி, பாவம் புடிக்கும்” என்று மாமி முன் சீட்டுக்குக் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினார். “பாவம், புள்ள எப்புடி மறைக்குது பாரு.”

டிரைவருக்கும் அவரைத் தெரியும். “சார் எப்பவும் இப்படித்தாம்மா சொல்லுவாரு. போன மாசம் பின்னத்தூர்க்காரங்கள இட்டுகினு போனப்பவும் இதே ஆப்பந்தான்” என்றார்.

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் குடத்தைத் தேடிக்கொண்டு போனார். நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதோம். எதிர்ப்பக்கத்திலிருந்து சிதம்பரம் போகிற பஸ் வந்தது. மச்சான் கையைக் காட்டினார். அது நின்றது. “நான் காலேஜ் ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வந்துடறேம்மா. நீங்க போங்க, அங்க எல்லாரும் நல்லா இருக்காங்க” என்று படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

நான் எழுந்து ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். நடுரோட்டில், பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, துப்பட்டி நழுவ, “நீங்க இல்லாம அந்த வாசல்ல நான் எப்புடி நொழைவேன் மச்சான்? என்ன விட்டுட்டுப் போகாதீங்க மச்சான்” என்று கதறினேன். அவர் வழக்கம்போல என் காலைப் பார்த்தார். நான் செருப்பில்லாமல் வந்திருந்தேன். தார் ரோடு வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர், “சார், ஏறுறீங்களா இல்லியா?” என்றார். மச்சான் படியிலிருந்து காலை எடுத்தார். தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டார். பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் உம்மா நன்றாக இருக்கிறாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அழாதம்மா, அழாத, எல்லாரும் ஒரு நாளைக்குப் போறவங்கதான்” என்று மற்ற வீட்டாருக்குச் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓ.டி.க்குள் நுழையும்போது பள்ளிவாசலில் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். உம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் அழுதபடி இறங்குவதைப் பார்த்துவிட்டு, “யாருடி?” என்றாள். விஷயம் தெரிந்ததும், “நான் எப்பப் போவேன்னு துப்பட்டியப் போத்திகிட்டே உக்காந்துருந்தியாடி?” என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். தெருவே கூடிச் சிரித்தது. இப்படிப் பொய்யாகச் சேதி கிளம்பினால் ஆயுசு கெட்டி என்று சொல்லி யாரோ கோழியை அறுத்தார்கள். மாமிகூட அழுத கண்ணோடு சிரித்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்காவை மட்டும் காணவில்லை.

உள்ளறையில் இருந்தாள். டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. பெண்ணின் பாவாடை, மச்சான் சட்டை, ரெண்டு போர்வை, கடுகைக் கொட்டிவிட்டுத் துலக்கி வைத்த கப்பு. ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கக்கா பயணம்?”

அப்போதுதான் சொன்னாள். ஆர்டர், சேலம், பன்னிரண்டு மணி எல்லாம். எனக்குச் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. “ஐயோ, நேரா காலேஜுக்குப் போயிருக்கக் கூடாதாக்கா? அவர யாரு என் வீட்டுக்கு வரச் சொன்னது?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அக்கா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள். “நானும் அதத்தான்டி சொன்னேன். மொதல்ல ஆபீசுக்குப் போங்க, அவகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல. இத்தினி வருசத்துல எந்த வாசல்லயும் நல்ல சேதி சொன்னதில்ல, ஒரு வாசல்லயாவது சொல்லிப் பாக்குறேன்னாரு. நீ சிரிப்பேன்னு ஆசப்பட்டுகிட்டுப் போனாரு.”

நான் வெளியே வந்தேன். கோழிக் குழம்பு வாசனை தெருவரைக்கும் வந்தது. மச்சான் எதிர்ச் சுவரோரம் வெறும் காலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் செருப்பு இன்னும் என் காலில் இருந்தது. கழற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, எப்படியாவது அழாமல் இருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“மச்சான், என்கிட்ட என்னமோ சொல்ல வந்தீங்களே. இப்ப சொல்லுங்க, கேக்குறேன்.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வேணாம்மா. காலைலதான் அது நல்ல சேதி. இப்ப சொன்னா நீ அழுவ.”